முதுகில் ஐந்து தட்டு

வகுப்பு 1

கொண்டுவரச் சொன்ன பொருள்கள்: துண்டு ஒன்று, நோட்டு ஒன்று, எவர்சில்வர் தட்டு ஆறு. தட்டு எதற்கு என்று படிவத்தில் போடவில்லை. சாப்பாடு தருவார்கள் போல என்று நினைத்தேன். ஆனால் ஓர் ஆளுக்கு ஆறு தட்டு எதற்கு? கேட்டால் சிரிப்பார்களோ என்று கேட்கவில்லை. வகுப்புக்கு வந்த பதினான்கு பேரும் பையில் தட்டுகள் மோத உள்ளே வந்தபோது சற்று தைரியம் வந்தது. யாருமே கேட்டிருக்கவில்லை.

இந்த வகுப்பில் சேர்ந்த காரணத்தை முதலில் எழுதிவிடுகிறேன். மிதுனா. பதினொரு மாதம். சுகந்தி அக்காவின் மகள். அக்கா பனியன் கம்பெனியில் தையல். மாமா மஸ்கட்டில். நானும் அதே கம்பெனியில்தான் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வரும் பனியனில் ஓட்டை, எண்ணெய்க் கறை, கோணல் தையல் பார்த்து ஒதுக்குவது என் வேலை. மிதுனா கம்பெனியின் குழந்தைக் காப்பகத்தில் இருக்கிறாள்.

சட்டம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. காப்பகத்தில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சான்றிதழ் உள்ளவர்தான் தூக்கலாம். சான்றிதழ் வாங்கியவரின் வலது மணிக்கட்டில் ஒரு பச்சைப் பட்டை மாட்டுவார்கள். அதைக் காட்டினால்தான் தொட்டிலின் கம்பி இறங்கும். கை செய்வதை எல்லாம் பட்டை பார்க்கும். சட்டத்தை நடத்தும் ஆணையத்தின் கையேட்டில் உள்ளபடி செய்தால் சரி என்று பதியும், இல்லாவிட்டால் தவறு என்று பதியும். கையேட்டின்படி சரியாகச் செய்தும் குழந்தை அழுகையை நிறுத்தவில்லை என்றால் தவறு குழந்தையுடையது. 'ஒத்துழைக்காத குழந்தை' என்று ஒரு குறி விழும். மூன்று குறி விழுந்தால் காப்பகத்தில் இடம் கிடையாது. பிறகு அக்கா வேலையை விட வேண்டியதுதான்.

மிதுனாவுக்கு இரண்டு விழுந்துவிட்டது. வீட்டில் ஒருவர் சான்றிதழ் வாங்கித் தினம் இரண்டு மணி நேரம் அங்கே பணி செய்தால் குறிகளை நிறுத்திவைப்பார்கள். அந்த ஒருவர் நான். அக்காவுக்கு ஓவர்டைம் போக மீதி நேரமே இல்லை என்பதால் மட்டும்தான் நான். வேறு தகுதி எதுவும் எனக்கு இல்லை.

வகுப்பு 4

பயிற்றுநர் தெய்வசிகாமணி சார். முன்பு கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் சொல்லிக் கொடுத்தவர். எதையும் வரிசைப்படி சொல்வார், எனக்குப் பிடித்திருக்கிறது. பொம்மையைத் தூக்கிக் காட்டினார். ஐந்து கிலோ எடை, சூடான தோல், மூச்சு விடுகிறது. ஆணையத்தின் இயந்திரம் கையேட்டைத் தானே படித்து, இந்தப் பொம்மையையும் பட்டையையும் தேர்வையும் தானே உண்டாக்கியதாம். இடையில் மனிதக் கை படவில்லை என்று கையேட்டின் முதல் பக்கத்தில் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள்.

இதுவரை படித்தவை எல்லாம் பயனுள்ளவை. கழுத்தைத் தாங்கிப் பிடிப்பது. பாலின் சூட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்ப்பது. எவ்வளவு அழுதாலும் குழந்தையைக் குலுக்கக் கூடாது என்பது. போன வருடம் மிதுனாவின் கழுத்தை நான் எப்படிப் பிடித்திருப்பேன் என்று நினைத்து, நோட்டில் அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டேன்.

இன்று பக்கம் 44. 'பால் குடித்து முடித்ததும் குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகில் ஒரு தட்டு வைக்கவும். ஏப்பம் வரும்.'

சார் பொம்மையைத் தோளில் சாய்த்து, அதன் முதுகில் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்தார். மூன்று விநாடி. பொம்மை ஏவ் என்றது.

வகுப்பு கை தட்டியது. நானும் தட்டினேன். அப்போது பின்வரிசையில் ஒரு குரல்.

"சாரு, ஒரு சந்தேகமுங்க."

எஸ்தர் டீச்சர். அங்கன்வாடியில் இருபது வருடம் இருந்தவர். இப்போது அவருக்கும் சான்றிதழ் வேண்டும் என்பதால் எங்களோடு மாணவியாக உட்கார்ந்திருக்கிறார். ஏற்கெனவே மூன்று முறை தேர்வில் தோற்றவர்.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா டீச்சர்?" என்றார் சார்.

"தட்டுன்னா இந்தத் தட்டு இல்லீங்க சாரு. இப்படித் தட்டறது." உள்ளங்கையைக் குழித்துக் காற்றில் தட்டிக் காட்டினார்.

"சரி, நீங்களே வந்து தட்டிக் காட்டுங்க. பொம்மை என்ன சொல்லுதுன்னு பார்த்துரலாம்."

டீச்சர் வந்து பொம்மையைத் தூக்கி மூன்று முறை தட்டினார். பொம்மை வீறிட்டது. அதன் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கதவருகே இருந்த காவலர்கூட எட்டிப் பார்த்தார்.

"பாருங்க," என்றார் சார். "மனுசன் பொய் சொல்லலாம். பொம்மை பொய் சொல்லாதுங்க."

"பொம்மைக்குப் பொய் சொல்லிக் குடுத்தா அதென்ன பண்ணும், பாவம்," என்றபடி டீச்சர் போய் உட்கார்ந்தார்.

வகுப்பு முடிந்து பஸ் நிறுத்தத்தில் என்னிடம் கையேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். மிகச் சிறிய எழுத்தில்: 'மூலக் குறிப்புகள்: ச. எஸ்தர் ராணி, அங்கன்வாடிப் பணியாளர்.'

"இது நீங்களா?"

"பன்னெண்டு வருசம் முந்தி, புதுசா வர்ற பிள்ளைகளுக்குன்னு எழுதிக் குடுத்தது தம்பி. பேசற மாதிரியே எழுதிட்டேன். முதுகுல ரெண்டு தட்டு வை, ஏப்பம் வந்துரும்னு நாம சொல்றதில்லையா? அத எடுத்து அந்த மிஷினுக்குப் போட்டிருக்காங்க. அது கடையில விக்கிற தட்டுன்னு நெனச்சுக்கிச்சு."

"அப்ப நீங்க எழுதின பரீட்சையிலதான் நீங்க மூணு தடவ பெயிலா?"

"சிரிக்காத. உன்ற பையில ஆறு தட்டு இருக்குது."

வகுப்பு 9

டீச்சர் சொன்னதை நான் முழுவதும் நம்பவில்லை. செக்கிங்கில் பழகிய பழக்கம்: ஒருவர் ஓட்டை என்றால் நானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இன்று மதிய இடைவேளையில் காப்பகத்தின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று பார்த்தேன்.

இருபத்திரண்டு தொட்டில்கள். அழும் குழந்தைக்குக் கையேடு பக்கம் 51: 'மெல்ல ஒரு தட்டு கொடுக்கவும். தூங்கிவிடும்.' காப்பகப் பொறுப்பாளர் பர்வீன் ஒவ்வொரு தொட்டிலாகப் போய், ஒலி எழாமல், மிக மெல்ல, ஒரு தட்டைக் கொடுத்தார். அழுத குழந்தை தட்டை வாங்கி, கன்னத்தில் வைத்து, விளிம்பைச் சப்பி, தூங்கியது. அடுத்தது, அதற்கடுத்தது. சஞ்சித் என்ற பதினான்கு மாதப் பையன் தட்டில் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தூங்கினான். இருபத்தொரு குழந்தைகள் தட்டை அணைத்துத் தூங்கின.

மிதுனா மட்டும் தட்டை வீசினாள். அது உருண்டு சுவரில் மோதி விழுந்தது. பர்வீன் பொறுமையாக எடுத்துக் கழுவி மறுபடி கொடுத்தார். மறுபடி வீசினாள். மிதுனா காப்பகத்துக்கு வந்தது ஒன்பதாவது மாதத்தில். அதுவரை அக்கா அவளை மடியில் போட்டுத் தட்டித்தான் தூங்கவைத்தாள். மற்றவர்கள் பிறந்த இரண்டாம் மாதத்திலிருந்தே இங்கே இருப்பவர்கள்.

என் கணக்கு இப்படிப் போனது. பொம்மை தட்டை ஒத்துக்கொள்கிறது. இருபத்தொரு குழந்தைகள் ஒத்துக்கொள்கின்றன. ஒத்துக்கொள்ளாதவர்கள் எஸ்தர் டீச்சரும் மிதுனாவும். அப்படியானால் தவறு யார் பக்கம்? டீச்சர் சொல்வது சரியாக இருந்தாலும், தேர்வு எழுதப் போவது நான்.

தட்டோடு பயிற்சி செய்வது என்று முடிவு செய்தேன். இது கோழைத்தனமா, ஒழுங்கா என்று தெரியவில்லை. வீட்டில் தலையணை முதுகில் தட்டு வைத்துப் பழகுவதைப் பார்த்து அக்கா, "பாஸ் பண்ணிருவியாடா?" என்று மட்டும் கேட்டாள்.

வகுப்பு 30, தேர்வு

பக்கம் 97. 'தொண்டையில் ஏதேனும் அடைத்துக்கொண்டால் குழந்தையைக் குப்புற முன்கையில் கிடத்தி, தலையைத் தாழ்த்தி, முதுகில் ஐந்து தட்டு வைக்கவும்.'

ஐந்து தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாமல் அடுக்க வேண்டும். முப்பது நாளில் எனக்கு இது நன்றாகவே கைவந்துவிட்டது. முதல் தட்டைக் கவிழ்த்து வைத்தால் அடுத்தவை வழுக்காது என்று நானே கண்டுபிடித்திருந்தேன். பொம்மையின் முகம் நீலமானது. நான் அடுக்கினேன். ஐந்தாவது நின்றதும் பொம்மை ஒரு சிவப்பு மணியைத் துப்பிவிட்டு, "நன்றி, பராமரிப்பாளரே" என்றது.

நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. முதல் தட்டைக் கவிழ்த்ததற்கு இரண்டு குறைத்தார்கள்.

எஸ்தர் டீச்சர் உள்ளே போனபோது ஐந்து அடி விழும் சத்தமும், அதைத் தொடர்ந்து நீண்ட அலறலும் கேட்டன. நான்காவது தோல்வி.

"இந்தத் தடவ தட்டு அடுக்கிரலாம்னுதான் போனேன்," என்றார் வெளியே வந்து. "அது மூஞ்சி நீலமாச்சு. கை தானா போயிருச்சு."

வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.

பணி, மூன்றாம் நாள்

நேற்று நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலை பதினொன்றேகால். மிதுனா ரஸ்க் தின்றுகொண்டிருந்தாள். திடீரென்று சத்தம் நின்றது. அவள் வாய் திறந்திருந்தது, ஒலி வரவில்லை. உதடு நிறம் மாறியது. நான் அவளை முன்கையில் குப்புறக் கிடத்தினேன், தலையைத் தாழ்த்தினேன். முப்பது நாள் பழகியதால் யோசிக்காமலே வந்தது. இது கையேடு கற்றுக்கொடுத்தது, இதை மறக்கக் கூடாது.

அடுத்ததையும் எழுத வேண்டும். என் கை தட்டுக்குப் போனது.

பர்வீன் ஓடிவந்து ஐந்து தட்டை நீட்டினார். "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணவும் ஆரம்பித்தார். நான் முதல் தட்டைக் கவிழ்த்து மிதுனாவின் முதுகில் வைத்தேன். இரண்டாவதையும் வைத்தேன். பொம்மையின் முதுகு அசையாது. மிதுனாவின் முதுகு துடித்தது. தட்டுகள் சரிந்து தரையில் விழுந்து சுழன்றன. அந்தச் சத்தத்தில் மற்ற குழந்தைகள் ஆசையாகத் திரும்பிப் பார்த்தன.

மூன்றாவது தட்டுக்குக் கை நீட்டியவன், நீட்டிய கையாலேயே அவள் முதுகில் அடித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதில் ரஸ்க் துண்டு வெளியே வந்து விழுந்தது. அவள் அழுதாள். இருந்தும் ஐந்தாவதையும் அடித்தேன், கணக்கு ஐந்து என்பதால்.

என் மணிக்கட்டில் பட்டை சிவந்தது. 'தவறான பராமரிப்பு. குழந்தை தாக்கப்பட்டது. சான்றிதழ் நிறுத்திவைக்கப்படுகிறது. குழந்தை மிதுனா தட்டுகளைச் சரித்தது: மூன்றாவது குறி. ஏழு நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.'

பர்வீன் தரையில் உட்கார்ந்திருந்தார், மடியில் மூன்று தட்டோடு. "எனக்கு நூத்துக்கு நூறு தெரியுமா," என்றார். "ஸ்டேட்லயே மூணாவது. இந்த ரெண்டு வருசத்துல யாருக்கும் அடைக்கல. அடைச்சிருந்தா நான் அஞ்சையும் அழகா வெச்சிருப்பேன்."

அக்கா தையல் மிஷினிலிருந்து ஓடிவந்து மிதுனாவை வாங்கினாள். தரையில் கிடந்த இரண்டு தட்டைப் பார்த்து, "ரெண்டு தட்டு வெச்சியாடா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். அவள் மிதுனாவின் முதுகைத் தடவிக்கொண்டே வெளியே போனாள். இன்னும் ஏதாவது கேட்டிருக்கலாம்.

ஆட்சேபம்

தெய்வசிகாமணி சாரின் மேஜையில் இருந்த பெட்டி வழியாகத்தான் இயந்திரத்தோடு பேச முடியும். நானும் எஸ்தர் டீச்சரும் போனோம். டீச்சர் வந்தது எனக்காக மட்டும் அல்ல. "இந்தக் கொழந்த பொழச்சுது. இன்னொண்ணு பொழைக்கலைன்னா? எழுதினது நானில்ல?" என்றார்.

பெட்டியின் குரல் இனிமையாக இருந்தது. "வணக்கம். 'தட்டு' என்ற சொல்லின் பொருள் குறித்த உங்கள் ஆட்சேபத்தை வரவேற்கிறோம். விளக்கம் தருபவரின் தகுதி என்ன?"

"எழுதினவளே நான்தானுங்க."

"சரிபார்க்கிறேன். எஸ்தர் ராணி. தேர்வு முயற்சி நான்கு. தோல்வி நான்கு. மன்னிக்கவும். இந்தக் கையேட்டை நீங்கள் புரிந்துகொள்ளவில்லை என்று பதிவுகள் காட்டுகின்றன."

டீச்சர் பெட்டியையே பார்த்தார். "இதுக்கு முதுகு எங்க இருக்குதுங்க சாரு? ஒண்ணு வெக்கணும்."

சார் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு ரெண்டு பசங்க," என்றார். "ரெண்டு பேரையும் நான் தட்டித்தான் தூங்க வெச்சேனுங்க. சட்டம் வந்து இந்தக் கையேட்டப் படிச்சப்ப, ஐயோ, இத்தன வருசம் தப்புப் பண்ணிட்டமேன்னு இருந்துச்சு. பெரியவன் காலேஜுல அரியர் வெச்சதுக்குக்கூட அதான் காரணமோன்னு நெனச்சேன்."

பிறகு பெட்டியிடம், "சான்றிதழ் எண் பதினேழு. பயிற்றுநர். அவங்க சொல்றது சரின்னு நான் உறுதி தர்றேன்," என்றார்.

"தவறாக இருந்தால் உங்கள் பணி பறிக்கப்படும். சம்மதமா?"

"மறுபடியும் டைப்பிங் சொல்லிக் குடுத்துக்கறேன். சம்மதம்."

"நன்றி. இனி 'தட்டு' என்று வரும் எல்லா இடங்களிலும் 'கையால் அடித்தல்' என்று பொருள் கொள்கிறேன்."

"நல்லதுங்க," என்றார் சார்.

எனக்கு ஏதோ உறுத்தியது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டினேன். பக்கம் 31. 'மதியம் பன்னிரண்டு மணிக்கு எல்லாக் குழந்தைகளையும் வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கொரு தட்டு வைக்கவும்.'

"வேண்டாம், நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். டீச்சர் எட்டிப் படித்துவிட்டு, "ஐயோ ஆண்டவரே," என்று நெஞ்சில் கை வைத்தார்.

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அறுபத்து மூன்று தட்டுகள். இரண்டு மாலைகள் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நான் வாசித்தேன், டீச்சர் சொன்னார், சார் பதிந்தார். நாற்பத்தெட்டு கையால் தட்டுவது. பதினைந்து எவர்சில்வர். பக்கம் 120-இல் ஒன்றை மட்டும் டீச்சராலேயே முடிவு செய்ய முடியவில்லை. 'அடம்பிடித்தால் ஒரு தட்டு காட்டவும்.' நெடுநேரம் யோசித்து, "அன்னிக்கு எனக்கு என்ன கோவமோ. எவர்சில்வர்னே போடு," என்றார்.

என் சான்றிதழ் திரும்பக் கிடைத்தது. மிதுனாவின் குறிகள் மூன்றும் அழிக்கப்பட்டன. எஸ்தர் டீச்சருக்கு ஐந்தாம் முறை எழுதத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை

புதிய கையேடு காலை எட்டு மணிக்கு எல்லாப் பட்டைகளிலும் ஏறிவிட்டது. சாப்பாட்டுக்கு வேண்டிய தட்டுகளைத் தவிர மற்றதை எல்லாம் பர்வீன் ஒரு சாக்கில் கட்டி அலமாரிக்கு அடியில் தள்ளியிருந்தார்.

ஒரு மணிக்குத் தூக்க நேரம். மிதுனாவை மடியில் போட்டுத் தட்டினேன். எட்டாவது தட்டில் தூங்கிவிட்டாள். பட்டை பச்சையாக ஒளிர்ந்தது. 'சரியான பராமரிப்பு. முன்மாதிரிக் குழந்தை.' எனக்குக் கண் கலங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்த அக்கா கை காட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

பிறகுதான் சத்தத்தைக் கவனித்தேன்.

பர்வீன் சஞ்சித்தைத் தட்டிக்கொண்டிருந்தார். கையேட்டில் உள்ளபடி, குழித்த உள்ளங்கை, மெல்லிய தாளம். அவன் அதிர்ந்து விலகி அலறினான். ஒவ்வொரு தட்டுக்கும் உடம்பு தூக்கிப்போட்டது. அடுத்த தொட்டிலில் ஒரு குழந்தை தன் வெறுங்கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அது சில்லென்று இல்லாததால் மறுபடி அழுதது. இருபத்தொரு குழந்தைகளும் அழுதன. பர்வீனின் பட்டை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனது. 'சரியான பராமரிப்பு. குழந்தை ஒத்துழைக்கவில்லை. சரியான பராமரிப்பு. குழந்தை ஒத்துழைக்கவில்லை.'

ஒன்றரை மணிக்கு இருபத்தொரு பேருக்கும் ஆளுக்கொரு குறி.

"உங்க பாப்பாவுக்கு நல்லதாயிருச்சு மௌலி," என்றார் பர்வீன். குரலில் கோபம் இல்லை, களைப்புதான். "இதுங்க என்ன பண்ணும்? இதுங்களுக்கு நாங்க குடுத்தது இதான்."

"ஆட்சேபம் எழுதலாம்."

"முடிவு வர ஏழு நாளு ஆகும். மூணு குறி விழ மூணு நாளு போதும். வெளிய இருபத்தொரு அம்மா தச்சுட்டு இருக்காங்க."

நான் செய்தது சரியா என்று யோசித்தேன். சரிதான். அறுபத்து மூன்றையும் இரண்டு முறை பார்த்தேன். சொல்லில் தவறில்லை. சஞ்சித்தின் முகம் மட்டும் சிவந்துபோய், மூக்கு ஒழுகி, கை எதையோ தேடிக்கொண்டிருந்தது.

பட்டை என் வலது கையில்தான் இருக்கிறது. இடது கை என்ன செய்கிறது என்று அது பார்ப்பதில்லை.

சாக்கை அவிழ்த்தேன். சஞ்சித்தின் தொட்டில் அருகே மண்டியிட்டு, வலது கையால் தட்டிக் கொடுத்தேன். இடது கையால் தட்டைக் கொடுத்தேன். அவன் அதை வாங்கிக் கன்னத்தில் வைத்து, ஒரு பெருமூச்சு விட்டு, விளிம்பைச் சப்பத் தொடங்கினான். 'சரியான பராமரிப்பு' என்றது பட்டை. பர்வீன் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு சாக்கிலிருந்து இடது கையால் பத்துத் தட்டை அள்ளிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

இருபத்தொன்றாவது குழந்தை தூங்கியபோது மணி இரண்டு. திரும்பினேன். மிதுனா விழித்துத் தொட்டில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ. என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"தத்து," என்றாள்.

அவள் பேசி நான் கேட்ட முதல் சொல். அதை எந்தப் பொருளின் கீழ் எழுதிவைப்பது என்று பார்க்கக் கையேட்டைத் திறந்தேன், மூடினேன். வலது கையை நீட்டுவதா, இடது கையை நீட்டுவதா என்று தெரியவில்லை.

"எந்தத் தட்டு, கண்ணு?" என்று கேட்டுவிட்டு, அவள் முன்னால் உட்கார்ந்து காத்திருந்தேன்.